தாடையின் இரண்டு பாதிகள்

காப்பாளர் இரண்டு உறைகளையும் மேஜைமேல் அருகருகே வைத்துவிட்டு, பிரிப்பதற்குக் கத்தரிக்கோல் தேடினார். அருங்காட்சியகம் முழுக்கப் பழங்காலத்துக் கத்திகளும் உளிகளும் கிடக்கின்றன, ஒரு கத்தரிக்கோல் இல்லை. நான் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நீட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, “எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்திருக்கா” என்றாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

உறைகளுக்குள் இருந்தது ஒரு பெண்ணைப் பற்றிய தகவல். சுண்ணாம்புக் குகை ஒன்றில் கிடைத்த கீழ்த்தாடை அவளுடையது. பதினான்காயிரம் வருஷம் இருக்கலாம் என்றார்கள். முகவாய் நடுவில் விரிசல் விட்டு இரண்டாகவே கிடைத்திருந்ததால் காப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. வலது பாதி எங்கள் ஆய்வகத்துக்கு, இடது பாதி அக்காவின் ஆய்வகத்துக்கு. பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்தேன் என்று ஒரு ஆய்வகம் மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில் ஒரே விடை வர வேண்டும். அதனால் முடிவு தெரியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது, முடிவை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும், முதலில் கொடுப்பவர் பெயர் கட்டுரையில் முதலில் வரும். இவைதான் விதிகள். “போட்டின்னு வந்தா அக்கா தங்கச்சியை விட வேற யாரு இருக்கா?” என்று காப்பாளர் அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என் உறையில் இருந்த தேதி முத்திரை அக்காவின் உறையில் இருந்ததைவிட ஒன்பது நாள் முந்தியது.

இந்த ஒன்பது நாளின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய நாற்பது வருஷம் தெரிய வேண்டும். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். நான் எந்த வகுப்புக்குள் போனாலும் “நீ அவ தங்கச்சியா?” என்று கேட்கிற வாத்தியார் ஒருவர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருப்பார். அவள் எடுத்த பாடத்தையே நானும் எடுத்தேன், வேறு பாடம் எடுத்திருந்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒருமுறை நான் மூன்று வருஷம் துரத்திக்கொண்டிருந்த ஒரு மரபணுவைப் பற்றி அவளுடைய கட்டுரை எனக்குப் பதினொரு நாள் முன்னால் வெளிவந்தது. அதில் ஒரு பிரதியை எனக்கே அனுப்பி, மேலே ‘உனக்கு உபயோகப்படும்’ என்று எழுதியிருந்தாள். அது இன்னும் என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது.

காப்பாளர் அக்காவின் தாளை வாசிக்க, நான் என் தாளில் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். நாங்கள் படித்தது, தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தை. மகனுக்கும் அது வரும், ஆனால் மகனோடு நின்றுவிடும். மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக முடியும். ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கிற பொது டி.என்.ஏ. வரிசையிலிருந்து எந்தெந்த எழுத்து மாறியிருக்கிறது என்று எண்களாகப் படித்தார். முதல் எண் பொருந்தியது. இரண்டாவது பொருந்தியது. ஆறாவதுக்குப் பிறகு அறையில் யாரும் இருமக்கூட இல்லை. பதினொரு மாற்றங்களும் ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தின. உலகம் முழுக்க இதுவரை சேர்த்துவைத்திருக்கிற பட்டியல்களில் இப்படிப் பதினொன்றும் உள்ள ஓர் ஆள்கூட இல்லை. “அப்படின்னா இவ வம்சத்துல இன்னிக்கு உயிரோட யாருமே இல்லை” என்றார் காப்பாளர். குரல் தழுதழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தாள், பாதி மேஜையில் கொட்டியது. தோற்றால் இப்படித்தான் இருக்கும், இத்தனை வருஷம் நான் இருந்த பக்கத்தில் இப்போது அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாகவே இருந்தது.

அந்தத் தாடையோடு நான் ஏழு மாதம் இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் பழைய எலும்புகளுக்கென்று தனி அறை உண்டு. ஜன்னல் கிடையாது. உள்ளே போகுமுன் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொள்ள வேண்டும், கையுறை இரண்டு அடுக்கு, முகத்தில் முகமூடி. ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். பல்லில் துளை போடும்போது வருகிற கருகல் வாசனை, பல் வைத்தியரிடம் போனவர்களுக்குத் தெரிந்ததுதான். பதினான்காயிரம் வருஷம் ஆனாலும் பல் அப்படியேதான் நாறுகிறது. முதல் வாரத்தில் அதை மாதிரி எண் சொல்லித்தான் குறிப்பிட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து ‘அவள்’ ஆகிவிட்டாள். அவளுடைய கீழ் முன்பல் ஒன்று சற்றுத் திரும்பி, பக்கத்துப் பல்லைத் தோளால் இடித்துக்கொண்டு நிற்கும். அம்மாவுக்கும் அப்படி ஒரு பல் இருந்தது. உலகத்தில் பாதிப் பேருக்கு உண்டு என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அறையில் ஒரு தொந்தரவு இருந்தது. குனிந்து வேலை செய்யும்போது காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவார்கள். முகமூடிக்குள் நம்முடைய மூச்சேதான் அப்படிக் கேட்கும், அந்த அறையில் வேலை செய்த எல்லோருக்கும் அது பழக்கம். ஒருநாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும், சோதித்துப் பார்த்துவிடலாமே என்று மூச்சை அடக்கினேன். பின்னால் கேட்ட மூச்சு உடனே நிற்கவில்லை. இன்னும் ஒன்று இழுத்து, விட்டு, அப்புறம்தான் நின்றது. காற்றுச் சுத்திகரிப்பானின் விசிறியாக இருக்கும். எழுந்து அதை அணைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்ததும் எங்கள் ஆய்வக உதவியாளர் கேட்டார், “மேடம், ஒரு சந்தேகம். உள்ள யார்கூடப் பேசிட்டு இருந்தீங்க?” எதையும் இந்த இரண்டு வார்த்தையில்தான் ஆரம்பிப்பார் என்பதால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளாவட்டத்தில் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது, அவரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். “யார்கூடவும் பேசலையே” என்றேன். “அப்ப சரி” என்றார். சரி என்று நினைத்தவர் முகமாக அது இல்லை.

எழுத்து வரிசை முதன்முதலாகத் திரையில் வந்த அன்று, எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவது கேட்கிறது, வார்த்தை புரியவில்லை, ஆனால் குரல் வீட்டு ஆளுடையது என்று மட்டும் தெரிகிறது இல்லையா, அப்படி இருந்தது. தூக்கமில்லாததால் வந்த மயக்கம் என்று விட்டுவிட்டேன். வெறுங்குழாய்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எலும்புப் பொடி போட்ட குழாய்களோடு, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிய குழாய் ஒன்றையும் சேர்த்துக் கருவியில் ஓட்டுவோம். அதில் ஏதாவது வந்தால் அறையில் அழுக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். ஏழு மாதத்திலும் என் வெறுங்குழாய் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் உறையை ஒட்டினேன்.

உறைகள் பிரித்துப் பத்து நாளில், கட்டுரையோடு சேர்த்து அனுப்ப ஊழியர் பட்டியல் வேண்டும் என்று ஆய்வுப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். பழைய எலும்போடு வேலை செய்கிற இடங்களில் இது வழக்கம். ஆய்வகத்தில் கால் வைக்கிற ஒவ்வொருவரின் கன்னத்து உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, அவர்களுடைய வரிசையைப் படித்து வைத்திருப்போம். எலும்பில் வந்தது இவர்களில் ஒருவருடையது இல்லை என்று காட்டுவதற்காக. கூட்டிப் பெருக்குகிற அம்மாவிலிருந்து டைரக்டர்வரை எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லித் தேய்த்தவள் நான். அந்தப் பட்டியல் என் பொறுப்பு.

சந்தேகம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“நாம மொத்தம் பன்னண்டு பேரு. இதுல பதினொண்ணுதான் இருக்கு.”

“யாரு விட்டுப்போச்சு?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்போமே, அதைத்தான் நான் ஆறு வருஷமாகச் செய்திருந்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். குச்சியை எடுத்து அங்கேயே, நின்ற வாக்கில், என் கன்னத்தைத் தேய்த்து அவரிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு விடை வந்தது. சந்தேகம் அதைத் திரையில் விட்டுவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். டீ குடிக்கிற நேரம் அது இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன். முதல் மாற்றம். இரண்டாவது. காப்பாளர் வாசித்த அதே ஏற்ற இறக்கத்தில் மனசுக்குள் வாசித்துக்கொண்டே போனேன். ஆறாவதுக்குப் பிறகு விரலை வைத்து எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. பதினான்காயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன, வம்சமே அழிந்துபோன பெண், என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறுங்குழாய் பொய் சொல்லவில்லை. என் அறையில் அழுக்கு இல்லை. அழுக்கு எலும்போடு வந்திருந்தது. எப்படி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தாடையை ஒப்படைத்த அன்று எடுத்த படம். கையுறையோடு நின்றோம், போட்டோகிராபர் உதட்டைப் பிதுக்கினார். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு மேடம், ஒரே ஒரு நிமிஷம் கழட்டுங்க” என்றார். கூடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கழற்றினாள். அவள் கழற்றிய பிறகு நான் கழற்றாமல் இருந்தால் பயந்தவளாகத் தெரிவேன் என்று நானும் கழற்றினேன். படத்தில் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் முகவாய் விரிசலில் ஒட்டவைத்து, சிரிக்கிறோம். பல்லெல்லாம் விரல். முந்தின நிமிஷம்வரை அது எந்தப் பாதி யாருக்கு என்றுகூட முடிவாகாமல் இருவர் கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. வெளிப்புறத்தைச் சுரண்டி, மருந்தில் கழுவிவிட்டுத்தான் துளைத்தோம். பல்லில் மயிரிழை விரிசல்கள் உண்டு, விரல் ஈரம் அதற்குள் இறங்கினால் எந்த மருந்தும் தொடாது.

இரண்டு ஊர், இரண்டு ஆய்வகம், இரண்டு கருவி. ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் வேறாக வைத்திருந்தார்கள். அம்மா மட்டும் ஒன்று. நாலெழுத்துப் படித்த இத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் அது ஒருவர் தலையிலும் உறைக்கவில்லை.

அம்மா ஒரு விடுதியில் வளர்ந்தவள். அவளை வாசலில் வைத்துவிட்டுப் போனது யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டால், “நான் எங்கிருந்து வந்தா என்ன, நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டேருந்துதானே வந்தீங்க” என்பாள். அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவளுக்கு நாங்கள் இருவர்தான். அக்காவுக்கு இரண்டு பையன்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வம்சத்தில் யாருமே இல்லை என்று காப்பாளர் சொன்னது முழுப் பொய் இல்லை, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். பட்டியலில் பதினொரு பேர் என்று அனுப்பினால் கேட்பார் யாருமில்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் அறிவிப்பு, முதல் பெயர் என்னுடையது. சந்தேகம் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் இனி ஒவ்வொரு மேடையிலும் செத்துப்போன அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும், பேசும்போதெல்லாம் அது அம்மா.  அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, உங்க ஊழியர் பட்டியல்ல உன்னோடது இருக்கா?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.  அப்புறம், “வியாழக்கிழமை காலைல மியூசியத்துக்கு வந்துரு. நானும் வரேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை நான் போனபோது அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள், வழக்கம்போல. காப்பாளர் இன்னும் கீழே வரவில்லை. கூடத்தின் நடுவில் புதிய கண்ணாடிப் பெட்டி, அன்று காலைதான் விளிம்பெல்லாம் பசை போட்டு மூடியிருந்தார்கள், வாசனை அடித்தது. உள்ளே கறுப்புத் துணிமேல் தாடை, இரண்டு பாதியையும் கம்பியால் சேர்த்து நிறுத்தியிருந்தது. அக்கா பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள்.

“எப்போலேருந்து?”

“கவர் ஒட்டுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. என்னோடதோட ஒப்பிட்டுப் பாத்தேன். அப்பதான் காப்பாளர் போன் பண்ணி, தங்கச்சி குடுத்து ஒரு வாரம் ஆச்சு, நீங்க எப்போன்னு கேட்டார். நான் என்ன, வெறும் காகிதத்தைக் குடுக்கறதா?”

“அதுக்கு அதையே எழுதிக் குடுத்துட்டியா?”

“உன்னோடது வேறயா இருக்கும்னு நெனச்சேன். நீ சுத்தமா வேலை பாக்கறவ. வேறயா வந்தா, என்னோடது அழுக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும், அசிங்கப்பட்டுட்டுப் போறேன்னு இருந்தேன். அன்னிக்கு ஒண்ணொண்ணா பொருந்திட்டே வந்துச்சு பாரு...” கண்ணாடிமேல் விரலை வைத்தாள். “நம்பிட்டேன்டி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. இவ நம்ம ஆளுதான்னு. அம்மா எங்கேருந்து வந்தான்னு தெரிஞ்சுருச்சுன்னு.”

நாற்பது வருஷத்தில் அவள் என்னை நம்பியதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு இந்த இடம்தான் கிடைத்ததா என்று எனக்கு அழுகை வந்தது.

“அப்படியும் இருக்கலாம் இல்லையா?” என்றேன். “நாம தொட்டதால நம்மளோடது வந்திருக்கு. ஆனா உள்ளேயும் அதேதான் இருக்கோ என்னமோ. இனிமே யாரு சொல்ல முடியும்?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுடைய பாதியின் கோடியில் ஞானப்பல் ஒன்று முளைக்காமல் எலும்புக்குள்ளேயே புதைந்திருந்தது, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அந்தப் பெண் செத்த நாளிலிருந்து ஒருவர் விரலும் மூச்சும் படாத பல் அது ஒன்றுதான். அதையும் திறந்ததாகச் சொன்னாள். நாலு தடவை ஓட்டியதாகச் சொன்னாள்.

“அதுல?”

“யாருமே இல்ல” என்றாள். “பழசு, சில பல்லுல வராதுன்னு சொல்லி எழுதாம விட்டுட்டேன்.”

 நான் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அறிவிப்பை நிறுத்துங்கள் என்று காப்பாளருக்கு எழுதியது, கீழே என் பெயர் மட்டும். அவள் சுற்றி வந்து வாங்கிப் படித்தாள். பேனாவைக் கேட்டாள். பெட்டியின்மேலேயே தாளை வைத்து, ஞானப்பல்லைப் பற்றி நான்கு வரி, ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைப் பற்றி ஒரு வரி எழுதினாள். பிறகு, ‘இப்படிக்கு’ என்பதற்கும் என் பெயருக்கும் நடுவில் இருந்த துளி இடத்தில் தன் பெயரை நெருக்கி எழுதினாள்.

“மூத்தவ நான்தானே. என் பேருதான் முதல்ல வரணும்.”

ஒரு நொடி எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே, பழைய கோபம், இழுப்பறைக்குள் கிடந்தது அப்படியே எழுந்து வந்தது. அவள் என்ன செய்திருக்கிறாள் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. “திருந்தவே மாட்ட நீ” என்றேன்.  அவள் மறுபடி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மாடிப்படியில் காப்பாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. யாருக்கோ குட்மார்னிங் சொல்லிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார். இருவரும் கண்ணாடியில் ரொம்ப ஒட்டி நின்றிருந்தோம் போலிருக்கிறது, என் மூச்சு என் பக்கமும் அவள் மூச்சு அவள் பக்கமும் வட்டமாகப் படிந்திருந்தன. வந்து பார்த்தால் திட்டுவாரே என்று அக்கா துப்பட்டா நுனியால் தன் பக்கத்தைத் துடைத்தாள். நான் கைக்குட்டையால் என் பக்கத்தைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் தாடைக்கு மேலே அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது, அந்தத் திரும்பின பல் அவளுக்கும் இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அப்போதும் ஒரு ஆவிப்படலம் மிச்சமிருந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது, பற்களுக்கு நேராக. நான் இந்தப் பக்கம் அழுத்தித் துடைத்தேன். அவள் அந்தப் பக்கம் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டோம். கண்ணாடிக்கு உள்ளே அது மெதுவாகச் சுருங்கியது, பிறகு மறுபடி விரிந்தது.